ஆளில்லாத பக்கம்

எங்கள் தாமான் குடியிருப்பில் யாரைப் பற்றியாவது நிம்மதியாக நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் பெண்கள் முதலில் அவள் வீட்டு வாசலைத்தான் பார்ப்பார்கள். நீல வார் வைத்த சிலிப்பர் கிடந்தால் அவள் வீட்டில் இருக்கிறாள் என்று அர்த்தம். உடனே பேச்சு மீன் விலைக்கு மாறிவிடும். சிலிப்பர் இல்லையென்றால் அன்றைக்கு ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் கிழிபடுவார்கள்.

என் வகுப்புத் தோழி அவள். அவளுக்கு அப்படி ஒரு பழக்கம். எதிரில் இல்லாத ஆளைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அந்த ஆளுக்காக அவள் பேச ஆரம்பித்துவிடுவாள். நல்லவரா கெட்டவரா, தனக்குப் பிடித்தவரா பிடிக்காதவரா என்றெல்லாம் பார்க்க மாட்டாள். ஆள் அங்கே இல்லை, அது போதும் அவளுக்கு. "அவங்க இங்க இல்ல லா" என்றுதான் தொடங்குவாள். "சரி, ஆரம்பிச்சிட்டா" என்று யாராவது ஒருவர் முனகுவார்கள்.

பேசும்போது எங்களைப் பார்க்க மாட்டாள். பக்கத்தில் எங்கே இடம் காலியாக இருக்கிறதோ, நாற்காலியோ ஜன்னல் ஓரமோ, அங்கே பார்த்துப் பேசுவாள். அந்த ஆள் அங்கே உட்கார்ந்திருப்பது போலவும், சரியாகத்தான் சொல்கிறேனா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொள்வது போலவும் இருக்கும். நடுநடுவே நிறுத்தி லேசாகத் தலையாட்டுவாள். புதிதாகப் பார்ப்பவர்கள் கொஞ்சம் பயந்துதான் போவார்கள். எனக்குப் பழகிவிட்டது. சில நேரம் நானும் அந்தக் காலி இடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, பிறகு வெட்கப்படுவேன்.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்தபோது கோல சிலாங்கூர்ப் பக்கம் எங்களுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகள்தான் எங்கள் தாமான். அவள் வீடும் எங்கள் வீடும் ஒட்டியவை. மூன்று பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. மத்தியான வெயில் மரங்களுக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கும்போது கீழே மட்டும் பச்சையாக ஒரு இருட்டு படுத்திருக்கும். பள்ளி விட்டு வந்து வாசலில் உட்கார்ந்தால் அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிடலாம். அவளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அரைத் தூக்கம்தான் வருகிறது. அவள் குரல் எங்கோ பக்கத்தில் யாருக்காகவோ பேசிக்கொண்டிருக்கிறது, எனக்குக் கண் சொருகுகிறது.

நாலாம் படிவத்தில், பதினாறு வயதில், ஒரு நாள் எங்கள் வகுப்பு மின்விசிறியின் இறக்கை வளைந்து கிடந்தது. யார் வேலை என்று தமிழ் சார் கேட்டார். மொத்த வகுப்பும் ஒரே குரலில் ஒரு பையனின் பெயரைச் சொன்னது. அன்றைக்கு அவன் பள்ளிக்கு வரவில்லை. அவள் எழுந்தாள். "சார், அவன் இங்க இல்ல சார். நாளைக்கு வந்தப்புறம் அவனையே கேளுங்களேன்."

எனக்குத் தாங்கவில்லை. அவன் அதற்கு முந்தின வாரம்தான் அவள் நாற்காலியில் சூயிங்கத்தை ஒட்டி வைத்துப் பாவாடையைப் பாழாக்கியிருந்தான். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, "உனக்கு வெக்கமே இல்லயா?" என்று கேட்டேன்.

"அது வேற கேஸ்" என்றாள்.

மறுநாள் அவன் வந்தான். சார் கேட்டதும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டான். நாங்கள் எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தோம். அவள் முகத்தில் ஒரு சுணக்கமும் இல்லை. "அவன் செய்யலன்னு நான் எப்ப சொன்னேன்? அவன் வரலன்னுதானே சொன்னேன்" என்றாள்.

ஆடித் திருவிழாவில் தோட்டத்துக் கோயில் சமையல் கொட்டகையில் காய் நறுக்கும் பெண்களுக்கு ஒரு சுகம் உண்டு. கை பாட்டுக்குப் பயற்றங்காயை நறுக்கும், வாய் பாட்டுக்கு ஆட்களை நறுக்கும். அந்த வருடம் அகப்பட்டவள், கணவனை விட்டுவிட்டுக் கலும்பாங்கில் இருந்த தாய் வீட்டுக்குப் போய்விட்ட ஓர் இளம் மனைவி. திமிர் என்றார்கள், படிப்பு கெடுத்தது என்றார்கள். எங்களோடு நறுக்கிக்கொண்டிருந்த என் தோழி கத்தியைக் கீழே வைத்தாள். அடுக்கி வைத்திருந்த அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த மணைக்கட்டையைப் பார்த்தாள்.

"அந்தக்கா இங்க இல்ல. பச்சக் கொழந்தையத் தூக்கிக்கிட்டு பஸ்ஸு மாறி மாறிப் போயிருக்காங்க. சும்மா ஜாலிக்கு யாராச்சும் அப்படிப் போவாங்களா?"

கத்திகள் மட்டும் டக் டக் என்று ஓடின. அன்று மாலை ஒரு பெண் அவள் அம்மாவிடம் வந்து, "அடுத்த தடவ உம் பொண்ண கோலம் போட அனுப்பு லா. அவ ஒக்காந்தா சமையலே ருசிக்க மாட்டேங்குது" என்றாள். அவள் அம்மா சிரித்தார். சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை.

அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அவள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் லோரி ஓட்டுநர். வடக்கே சரக்கு ஏற்றிக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தார். அவள் தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, போனவர் போனவர்தான். வடக்கே சுங்கை பட்டாணியில் வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்டார் என்று செய்தி மட்டும் வந்தது. அவள் அம்மா ஈஜோக்கில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலைக்குப் போய் மகளை வளர்த்தார். ஊரில் வேறு யாரும் அகப்படாத நாளில் பேசுவதற்கு அந்த மனிதர் எப்போதும் இருந்தார். அவரைத் திட்டுவதில் முதல் ஆள் அவள் தாய்மாமா. சுங்கை சோவில் குடியிருந்தார், ரவாங்கில் வேலை, சொந்தமாக ஒரு வேன். வேனை நிறுத்தி இறங்கும்போதே திட்டிக்கொண்டேதான் இறங்குவார்.

"அப்பா இங்க இல்ல மாமா" என்பாள் அவள்.

"இல்லாததுதான்டி பிரச்சினையே!" என்று மாமா கத்துவார்.

அவள் விட மாட்டாள். ஜன்னல் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நிதானமாகச் சொல்வாள். அவருக்கு இங்கே மூச்சு முட்டியிருக்கலாம். சொல்லத் தெரியாமல் இருந்திருக்கலாம். திரும்பி வர வெட்கமாக இருக்கலாம். பெற்றவளை நடுவில் நிற்க வைத்துக்கொண்டு, விட்டுவிட்டுப் போனவனுக்கு இவள் இப்படி வாதாடுவதைக் கேட்கும்போது எனக்கே அவளை ஓர் அறை விடலாம் போலிருக்கும். அவள் அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார். சமையலறைக் குழாயை இன்னும் கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிடுவார். தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் மகள் குரல் அமுங்கிப் போகும்.

இப்படிப்பட்டவள் சட்டம் படிக்காமல் வேறு என்ன படிப்பாள். இப்போது அவள் ஏதோ ஒரு நீதிமன்றத்தில் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறாள். நான் ரவாங்கில் ஓர் அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் கொட்டாவி விடுகிறேன். ஆனால் அந்தக் கோட்டு அவள் தோளில் ஏறுவதற்கு முன்னால், எந்தப் பல்கலைக்கழகம் என்ற கேள்வி எங்கள் இரண்டு வீட்டையும் ஆட்டி வைத்துவிட்டது.

பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவத் தேர்வு முடிந்து அவளுக்கு இரண்டு இடத்தில் சட்டப் படிப்பு கிடைத்தது. ஒன்று வடக்கே கெடாவில் ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகம். செலவு குறைவு. நாலு வருடம் படித்து முடித்தால் நேராக ஒரு வழக்கறிஞரிடம் பயிற்சிக்குப் போய்விடலாம். இன்னொன்று கோலாலம்பூர் ஓரத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகம். பாதிக் கட்டணத்துக்கு உபகாரச் சம்பளம் தருவதாகச் சொன்னார்கள். பட்டம் இங்கிலாந்துப் பட்டம். ஆனால் அதை வாங்கிய பிறகு இங்கே வழக்கறிஞராக இன்னொரு பரீட்சை எழுத வேண்டும். அந்தப் பரீட்சையின் பெயரைச் சொன்னாலே படித்தவர்கள் உச்சுக் கொட்டுவார்கள்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். எங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. யோசிக்க இருந்தது ஒரே விஷயம்தான், அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வடக்கே போகும் பஸ் சுங்கை பட்டாணியைத் தாண்டித்தான் போகும்.

தனியார் பல்கலைக்கழகத்தில் யார் வேண்டுமானாலும் போய்ச் சுற்றிப் பார்க்கும் திறந்தநாளுக்கு மாமா வேனில் எல்லோரும் கிளம்பினோம். மாரான் கோயிலுக்குப் போகிற மாதிரியே ஏற்பாடு. எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு, வடை, பாய், தண்ணீர்ப் போத்தல். அங்கே போனால் எங்கும் கண்ணாடி, எங்கும் குளிர். 'மாதிரி நீதிமன்றம்' என்று ஓர் அறைக்கு ஒரு மாணவி எங்களைக் கூட்டிப் போனாள். நிஜ நீதிமன்றம் மாதிரியே நீதிபதிக்கு உயரத்தில் நாற்காலி, சாட்சிக்குக் கூண்டு. வேண்டுமானால் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ளலாம் என்றாள். என் தோழியின் அம்மா தயங்கித் தயங்கிச் சாட்சிக் கூண்டில் ஏறி இரண்டு கையாலும் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து இறங்க மனமில்லாதவர் போல வெகுநேரம் நின்றார். வெளியே வந்து வாகன நிறுத்துமிடத்தில் ஒரு மரத்தடியில் பாயை விரித்துச் சாப்பிட்டோம். காவலாளி வந்து பார்த்துவிட்டு, ஒரு வடையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"பொண்ணு பார்த்தாச்சு, புடிச்சாச்சு" என்றார் மாமா. "இங்கயே முடிச்சிடலாம்."

"அந்த வடக்கு யூனி இங்க வரல மாமா. வந்திருந்தா அதுவும் தன் பங்குக்குச் சொல்லும்ல" என்று ஆரம்பித்தாள் அவள். வேன் லாத்தார் நெடுஞ்சாலையில் ஏறி ஈஜோக் வரும்வரை வடக்குக்காகவே பேசினாள். அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். சரி, முடிவெடுத்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். அன்று சாயங்காலமே எங்கள் அப்பா, "கவர்மெண்டு சீட்ட எவனாச்சும் வேணாம்பானா?" என்று கேட்க, "அங்கள், அந்த பிரைவேட் யூனிக்கு இங்க யாருமில்ல" என்று எதிர்ப்பக்கம் தாவிவிட்டாள். எங்கள் அப்பா அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்.

ஒரு மாலை நானும் அவளும் மோட்டார் சைக்கிளில் சுங்கை புரோங் வரை போனோம். அங்கே எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. நெல் பழுக்கும் காலத்தில் அந்தப் பக்கம் சும்மா போவது எங்களுக்குப் பிடிக்கும். வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்தோம். கண்ணுக்கு எட்டிய மட்டும் மஞ்சள். காற்று அடித்தபோது வயல் முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்து மெதுவாக நிமிர்ந்தது. கடல் பக்கமிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் உட்கார்ந்திருக்கிறோமா, மிதந்துகொண்டிருக்கிறோமா என்றே தெரியாத மாதிரி இருந்தது.

"உனக்கு எது வேணும்? அதுக்காகன்னு இல்ல, இதுக்காகன்னு இல்ல. உனக்கு" என்று கேட்டேன்.

அவள் வயலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வடக்குதான். நாலு வருஷத்துல லோயர் ஆயிடலாம். இன்னொரு பரீட்சை வரைக்கும் அம்மா ஷிப்ட்டுக்குப் போக வேணாம்."

"உங்கப்பா?"

"அவர பாக்கணும்னு போகல. அவர் இருக்காருன்னு போகாம இருக்கவும் தோணல." பிறகு, "இத அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. யாரு யாருக்கோ பேசுறேன். எனக்குன்னு வந்தா வாய் வரமாட்டேங்குது" என்றாள். அவள் அழுவாளோ என்று பயந்தேன். அழவில்லை. மழை வந்துவிட்டது, எழுந்து ஓடினோம்.

வடக்குக்கு இணையத்தில் சம்மதம் சொல்ல ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அவள் அம்மா, "ஆத்தாகிட்ட பூ கேட்டுடுவோம்" என்றார். தோட்டத்து மாரியம்மனிடம் பூக்கட்டிக் கேட்பது எங்கள் ஆட்களின் வழக்கம். கல்யாணம், வீடு மாற்றம், அறுவை சிகிச்சை எல்லாம் அங்கே கேட்டுத்தான். பல்கலைக்கழகம் கேட்டது அதுதான் முதல் தடவை. வெள்ளை நந்தியாவட்டை வந்தால் வடக்கு, சிவப்பு அரளி வந்தால் பக்கத்துத் தனியார் இடம். அவள் அம்மாவே வாழை இலையில் இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். பூசாரி அவற்றை அம்மன் காலடியில் குலுக்கிப் போட்டு, கற்பூரம் காட்டி, தன் சின்ன மகளை எடுக்கச் சொன்னார். அந்தச் சிறுமி கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள்.

பிரித்தார். சிவப்பு அரளி.

மாமா உரக்க அம்மன் பெயரைச் சொல்லிக் கும்பிட்டார். அவள் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். வயல் மேட்டில் அவள் சொன்னது எனக்கு மட்டும்தானே தெரியும். அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. அம்மன் காலடியில் தனியாகக் கிடந்த இன்னொரு பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூசாரி, அதையும் பிரிச்சிடுங்க" என்றாள். "எடுக்கலன்னா என்ன, அதுவும் வந்து காத்துக்கிட்டுத்தானே இருந்துச்சு."

"வேணாம்" என்றார் அவள் அம்மா. அந்தக் குரலைக் கேட்டு மாமாவே திரும்பினார். அதற்குள் பூசாரி நூலை இழுத்துவிட்டார். அதிலும் சிவப்பு அரளி.

கொஞ்ச நேரம் யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பூசாரி பெரிய மனிதர். சட்டென்று குனிந்து விளக்குத் திரியைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டார்.

"ஆமா" என்றார் அவள் அம்மா. "ரெண்டுலயும் சிவப்புதான் வெச்சேன். ஆத்தா என்னைய என்ன வேணாலும் பண்ணட்டும். அந்தாளு இருக்கற ஊருப் பக்கம் உன்ன அனுப்ப என்னால முடியாது." பிறகு மூச்சு வாங்கியது அவருக்கு. "ஊருல உள்ள அத்தன பேருக்கும் பேசுற. ஓடிப்போன உங்கப்பனுக்குப் பேசுற. எடுக்காத பூவுக்குக்கூடப் பேசுற. எனக்காக ஒரு நாளு, ஒரே ஒரு நாளு பேசியிருக்கியாடி?"

அவள் நிஜமாகவே புரியாமல் அம்மாவைப் பார்த்தாள். "நீங்கதான் எப்பவும் கூடவே இருக்கீங்களேம்மா" என்றாள்.

செம்பனைக்குள் ஓடும் அந்த மண் பாதையில் திரும்பி நடந்தோம். அவள் அம்மா முன்னால் போனார், நாங்கள் பின்னால். காய்ந்த மட்டைகள் காலில் மிதிபட்டன. அன்றும் மறுநாளும் அவர்கள் வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் என் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சாயங்காலத்துக்குள் ஏதாவது ஒன்றைத் தட்டியாக வேண்டும். அவள் மேசையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அம்மா சமையலறையில் கறி கிண்டிக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. தலைக்குச் சாயம் அடித்து, சட்டையை உள்ளே விட்டிருந்த ஒருவர் ஒரு பெட்டி மாம்பழத்தோடு இறங்கி, கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"வரலாமா?" என்று கேட்டார்.

பழைய புகைப்படத்தில் பார்த்த முகம் என்பதால் அவள் அப்பா என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. எழுந்து போய்க் கேட்டைத் திறந்தாள். நான் திரும்பிப் பார்த்தேன், சமையலறையில் ஆளில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, பின்கதவு திறந்து கிடந்தது. அவள் என்னைப் பார்த்து, அம்மாவோடு போ என்பது போல் கண்ணைக் காட்டினாள். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்பக்கமாக எங்கள் வீட்டுக்கு ஓடினேன்.

அவள் அம்மா எங்கள் கூடத்தில், நடுச்சுவரை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் கரண்டி அப்படியே இருந்தது. என் அம்மா அவருக்கு மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு பக்கத்தில் நின்றார். எங்கள் சுவர் வழியாக எல்லாம் கேட்கும். நாற்காலி இழுபடுவது கேட்டது. யாரோ தண்ணீர் குடிப்பது கேட்டது.

"செய்தி கேள்விப்பட்டேம்மா" என்றார் அவள் அப்பா. தாழ்ந்த குரல், கெட்ட குரல் இல்லை. "சந்தோசமா இருந்துச்சு. அங்க வீட்டுல ஒரு ரூமு சும்மாத்தான் கெடக்கு. சனி ஞாயிறு வந்து தங்கிக்க. சின்னம்மாவும் சொல்லச் சொன்னா. நம்ம வீடு மாதிரி நெனச்சிக்க."

அவள் அம்மாவின் கரண்டியிலிருந்து குழம்பு ஒரு சொட்டு எங்கள் தரையில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை.

"அம்மா இங்க இல்லப்பா" என்று அவள் குரல் கேட்டது.

எத்தனையோ தடவை கேட்ட அதே குரல், அதே நிதானம்.

"அவங்க இருந்தா அவங்களே சொல்லுவாங்க. இல்லாததால நான் சொல்றேன். நீங்க போனப்புறம் யாரு கேட்டாலும் அம்மா, 'வடக்க வேலைக்குப் போயிருக்காரு'ன்னுதான் சொல்லுவாங்க. அங்க உங்களுக்கு வேற வீடு இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சப்புறமும் அப்படித்தான் சொன்னாங்க. உங்க மேல உள்ள ஆசையில இல்ல. பள்ளிக்கூடத்துல யாரும் என்னைய ஒரு மாதிரி பாக்கக் கூடாதுன்னு. நான் உங்களுக்காகப் பேசுறப்பெல்லாம் அவங்க குழாயத் தொறந்து விடுவாங்க. நிறுத்துன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. எங்கப்பாவ எனக்குன்னு விட்டு வெச்சாங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இருங்கப்பா, இன்னும் முடியல" என்றாள்.

"நான் அங்க படிக்க வர்றதுல அம்மாவுக்குப் பயம் இல்ல. நான் அந்த வீட்டுல சோறு தின்னா, இத்தன வருஷம் அவங்க தனியா நின்னு போட்ட சோத்துக்கு ஒண்ணுமில்லாமப் போயிடுமோன்னு பயம். அது அப்படி ஆகாது, எனக்குத் தெரியும். ஆனா அவங்களுக்கு அப்படித்தானே இருக்கும்? அதனால நான் வடக்குக்கு வரேன். ஹாஸ்டல்லதான் இருப்பேன். உங்க ரூமு எனக்கு வேணாம். என்னைய பாக்கணும்னா வாங்க, வேணாம்னு சொல்லல. ஆனா வர்றதுக்கு முன்னாடி அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. பின்னால வந்து சொல்றது இல்ல, முன்னாடி."

அதற்குப் பிறகும் அவள் பேசினாள். அம்மா ஷிப்ட் முடிந்து வரும் பஸ்ஸைப் பற்றி, காய்ச்சல் வந்த நாட்களைப் பற்றி, எனக்கே தெரியாத என்னென்னவோ. மழைக்கு முந்தின வெளிச்சம் எங்கள் கூடத்துக்குள் வந்து மஞ்சளாக நின்றது. அவள் அம்மா மெல்லச் சாய்ந்து காதையும் கன்னத்தையும் சுவரில் வைத்துக்கொண்டார். கண்ணீர் தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை.

என் அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "எந்திரிச்சுப் போ லா. ஒன் வீடு, ஒன் மக. நீ எதுக்கு இங்க வந்து ஒளிஞ்சிருக்க?" என்று தோளைப் பிடித்து எழுப்பப் பார்த்தார்.

அவள் அம்மா அந்தக் கையை மெதுவாக விலக்கினார்.

"கொஞ்சம் இருங்கக்கா" என்றார். "நான் உள்ள போனா அவ நிறுத்திடுவா."